கோடிங் தெரியாமலே சொந்த இணையதளம்: டொமைன் வாங்குவதிலிருந்து கூகுள் தேடலில் வரும்வரை

சொந்த இணையதளத்துக்கு மூன்று வேண்டும்: ஒரு டொமைன் பெயர் (தளத்தின் முகவரி), தளத்தைத் தாங்க ஹோஸ்டிங் (கோப்புகளை வைக்க வாடகை இடம்), உள்ளே போட எழுத்தும் படங்களும். இவற்றில் பெயரும் உள்ளடக்கமும் உங்கள் கையில், உங்கள் பெயரில் இருந்தே ஆகவேண்டும். ஹோஸ்டிங் நிறுவனம், தீம் (தளத்தின் தோற்றம்), ப்ளகின் (கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்) எதை வேண்டுமானாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோது அதில் இலவசப் பக்கம் வைத்திருந்தவர்களின் முகவரிகள் எல்லாம் ஒரே நாளில் செத்துப்போயின. சொந்த டொமைன் இருப்பவருக்கு அந்த நிலை வராது. கடையை வேறிடம் மாற்றினாலும் முகவரி அதேதான்.

இந்த வழிகாட்டி முழுக்க ஓர் உதாரணத்தையே வைத்துக்கொள்வோம்: கும்பகோணத்தில் வீட்டிலேயே வீணை கற்றுத்தரும் ஓர் ஆசிரியை. உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் படிகள் இவைதான்.

முதலில் எழுத்து, பிறகு கணினி

பாதியில் நின்றுபோகும் தளங்களில் பெரும்பாலானவை தொழில்நுட்பத்தால் நிற்பதில்லை. தீம் ஒன்றை நிறுவிவிட்டு, "என்னைப் பற்றி" பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கின்றன. அதனால் டொமைனுக்குப் பணம் கட்டும் முன்பே எழுதி முடித்துவிடுங்கள். நான்கு பக்கங்கள் போதும்: முகப்பு, என்னைப் பற்றி, வகுப்புகள், தொடர்பு.

வகுப்புகள் பக்கத்துக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும். போனில் மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு அங்கே பதில் இருக்கட்டும்: எத்தனை வயதிலிருந்து சேரலாம், வாரத்துக்கு எத்தனை வகுப்பு, கட்டணம், சொந்த வீணை வேண்டுமா, வெளிநாட்டில் இருப்பவருக்கு ஆன்லைன் வகுப்பு உண்டா, எந்த நேரத்தில். "தலைசிறந்த பயிற்சி" போன்ற வரிகளால் யாருக்கும் பயனில்லை. கட்டணத்தை எழுதத் தயங்காதீர்கள். அது தெரியாமல் அழைப்பவர்களில் பாதிப்பேர் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் யூனிகோடில் (எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் எழுத்துக் குறியாக்கம்) தட்டச்சு செய்யுங்கள். பழைய கோப்புகள் இருந்தால் ஒரு சோதனை: எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஃபான்ட்டை ஏரியலுக்கு மாற்றுங்கள். ஆங்கில எழுத்துக் குவியலாக மாறினால் அது பாமினி போன்ற பழைய குறியாக்கம். அப்படியே தளத்தில் ஒட்டினால் படிப்பவருக்கும் கூகுளுக்கும் அது வெறும் கிறுக்கல். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவி?

பெயர், தொழில், போன் எண், நான்கு படம். இனி மாறப்போவதும் இல்லை என்றால் கூகுள் சைட்ஸ் போதும். இலவசம், பராமரிப்பு வேலை கிடையாது, சொந்த டொமைனையும் இணைத்துக்கொள்ளலாம். விக்ஸ் போன்ற சேவைகளில் வடிவமைப்பது சுலபம். ஆனால் கட்டியதை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியாது.

கட்டுரை, நிகழ்ச்சி விவரம், பாடக்குறிப்பு என்று தளம் வளரும் என நினைத்தால் வேர்ட்பிரஸ்தான் எங்கள் பரிந்துரை. 2003 முதல் இருக்கும் திறமூல மென்பொருள் அது. எந்த ஹோஸ்டிங்கிலும் ஓடும், மொத்தத் தளத்தையும் பேக்கப் எடுத்துக்கொண்டு இடம் மாறலாம். ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் தரும் சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது உங்கள் ஹோஸ்டிங்கில் நீங்களே நிறுவும் மென்பொருள். இனி நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

டொமைன் வாங்குவது

பெயர் போனில் சொன்னால் ஒரே தடவையில் எழுதிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம்: "வீணை"யை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று நான்கு பேரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் எழுதும் வடிவத்தையே எடுங்கள். நடுவில் கோடு, எண் வேண்டாம். டாட் காம் அல்லது டாட் இன் போதும். தமிழிலேயே முழு முகவரி வேண்டுமென்றால் டாட் இந்தியா உண்டு. ஆனால் பல செயலிகளில் அது எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத முகவரியாகத் தெரியும், மின்னஞ்சலிலும் தகராறு செய்யும். அதைக் கூடுதல் பெயராக வைத்துக்கொள்ளலாம், முதல் பெயராக வேண்டாம்.

விளம்பரத்தில் போடுவது முதல் ஆண்டு விலை. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாம் ஆண்டு புதுப்பிப்பு விலை, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பணம் கட்டும் பக்கத்தில் கேட்காமலே சேர்ந்திருக்கும் கூடுதல் சேவைகளை நீக்குங்கள்.

உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் இருக்கட்டும். தளம் செய்து தருகிறேன் என்று உறவினரோ டிசைனரோ தன் கணக்கில் வாங்கித் தந்தால், சட்டப்படி அந்தப் பெயர் அவருடையது. பின்னாளில் அவர் போனை எடுக்காவிட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. டொமைன் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் உங்களை வந்து சேராது. சாதாரண ஜிமெயில் முகவரியே கொடுங்கள். வாங்கியவுடன் சரிபார்ப்பு மின்னஞ்சல் ஒன்று வரும். அதை 15 நாளுக்குள் சொடுக்காவிட்டால் டாட் காம் பெயர் முடக்கப்படலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். டாட் காம் பெயர் கைவிட்டுப் போய் 30 நாள் மீட்புக் காலத்துக்குள் விழுந்தால், திரும்பப் பெற வழக்கமான விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள்.

ஹோஸ்டிங்கும் நிறுவலும்

தொடக்கத்துக்கு மிகச் சிறிய ஷேர்டு ஹோஸ்டிங் (பல தளங்கள் ஒரே சர்வர் கணினியைப் பகிர்ந்துகொள்வது) திட்டமே தாராளம். நான்கு பக்கத் தளத்துக்கு 5 ஜிபி கூட நிரம்பாது, அதனால் "அன்லிமிடெட்" என்ற சொல்லுக்குக் கூடுதல் பணம் வேண்டாம். இலவச எஸ்எஸ்எல் (எச்டிடிபிஎஸ் இணைப்புக்கான பாதுகாப்புச் சான்றிதழ்), பிஎச்பி 8 வரிசை (வேர்ட்பிரஸ் ஓடத் தேவையான நிரல்மொழி), தினசரி பேக்கப், சிபேனல் அல்லது அதுபோன்ற கட்டுப்பாட்டுப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வாசகர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் என்றால் சர்வர் இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பது நல்லது. மூன்றாண்டுக்கு மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். ஓராண்டு மட்டும் கட்டி, சேவை எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டொமைனும் ஹோஸ்டிங்கும் வேறு வேறு நிறுவனத்தில் இருந்தால், ஹோஸ்டிங் தந்த இரண்டு நேம்சர்வர் முகவரிகளை (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) டொமைன் கணக்கில் போட வேண்டும். மாற்றம் பரவச் சில மணி நேரம் ஆகும், 48 மணி நேரம் வரை ஆகலாம். உங்கள் கணினியில் பழையதே தெரிந்தால் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அந்த டொமைனில் ஏற்கனவே மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருந்தால் ஜாக்கிரதை: நேம்சர்வரை மாற்றியதும் பழைய எம்எக்ஸ் பதிவுகள் (அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் குறிப்புகள்) செயலிழந்து அஞ்சல் வருவது நிற்கும். அவற்றை முதலில் குறித்துக்கொண்டு புதிய இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் டொமைன் சர்வரை எட்டட்டும், அடுத்து எஸ்எஸ்எல், கடைசியில் வேர்ட்பிரஸ். டொமைன் வந்து சேரும் முன் சிபேனலில் ஆட்டோஎஸ்எஸ்எல்லை (சான்றிதழைத் தானாகப் பெறும் வசதி) ஓட்டினால் அது தோல்வியில்தான் முடியும்.

சிபேனலில் மென்பொருள்களை நிறுவித் தரும் சாஃப்டாக்குலஸைத் திறந்து வேர்ட்பிரஸ், பிறகு இன்ஸ்டால். அங்கே மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

1. புரோட்டோகால்: எச்டிடிபிஎஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. "இன் டைரக்டரி" பெட்டி: அதில் டபிள்யூபி என்று எழுதியிருந்தால் அழித்துக் காலியாக விடுங்கள். விட்டுவிட்டால் டொமைனைத் திறப்பவருக்கு வெற்றுப் பக்கம் தெரியும், உங்கள் தளம் முகவரியில் ஒரு சாய்கோடு தள்ளி உள்ளே கிடக்கும்.
3. அட்மின் பெயர்: "அட்மின்" என்றே வைக்காதீர்கள். கடவுச்சொல் கணினி உருவாக்கித் தருவதாகவே இருக்கட்டும்.

கூடுதல் ப்ளகின்கள் என்று டிக் போட்டு வைத்திருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு நிறுவுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும்.

முதல் நாளே செய்ய வேண்டிய அமைப்புகள்

டாஷ்போர்டில் (வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கம்) செட்டிங்ஸ் > ஜெனரல். தளத்தின் மொழியைத் தமிழாக்குங்கள். இதனால் ஒவ்வொரு பக்கத்திலும் "இது தமிழ்" என்ற குறிப்பு சேரும், பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் சரியான குரலில் வாசிக்கும். டாஷ்போர்டு ஆங்கிலத்தில் இருந்தால்தான் உதவிக் காணொளிகளைப் பின்பற்ற வசதி என்பவர்கள், யூசர்ஸ் > புரொஃபைலில் தங்களுக்கு மட்டும் ஆங்கிலம் வைத்துக்கொள்ளலாம். நேர மண்டலத்தில் கொல்கத்தா அல்லது கொழும்பு. அதே பக்கத்தில் இருக்கும் "வேர்ட்பிரஸ் அட்ரஸ்" பெட்டியைத் தொடாதீர்கள். அதில் ஓர் எழுத்து தவறினாலும் லாகின் பக்கமே திறக்காது, சரிசெய்ய டேட்டாபேஸுக்குள் போக வேண்டிவரும்.

செட்டிங்ஸ் > பெர்மாலிங்க்ஸில் (பக்க முகவரிகளின் அமைப்பு) "போஸ்ட் நேம்" தேர்ந்தெடுங்கள். தமிழில் எழுதுபவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பக்கத்துக்கு "வீணை வகுப்புகள்" என்று தலைப்பிட்டால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். பிரவுசரில் அழகாகத் தமிழில் தெரியும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரங்களில் சதவீதக் குறிகளாக விரியும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாகிறது. "வீ" என்பதே வ, ஈகாரக் குறி என இரண்டு குறி. இந்தக் கணக்கில் "வீணை வகுப்புகள்" 127 எழுத்து நீளும். முகவரிக்கான இடம் 200 எழுத்துதான் என்பதால் ஏறத்தாழ 22 குறிகளுக்கு மேல் போகும் தலைப்பு நடுவிலேயே வெட்டுப்படும். எனவே ஒவ்வொரு பக்கத்தையும் வெளியிடும் முன் வலப்பக்கப் பட்டையில் "ஸ்லக்" (முகவரியின் கடைசிப் பகுதி) என்ற இடத்தைத் திறந்து சிறிய ஆங்கில எழுத்தில் ஒன்றிரண்டு சொல் கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றுவது நல்லதல்ல.

செட்டிங்ஸ் > டிஸ்கஷனில் புதிய பதிவுகளுக்கான கருத்து வசதியை அணைத்துவிடுங்கள், ஸ்பாம் தொல்லை இருக்காது. உடன் வந்த "ஹலோ வேர்ல்ட்" பதிவையும் மாதிரிப் பக்கத்தையும் நீக்குங்கள். செட்டிங்ஸ் > ரீடிங்கில் தேடுபொறிகளைத் தடுக்கும் ஒரு டிக் இருக்கிறது. தளம் தயாராகும்வரை அது இருக்கட்டும், திறந்து வைக்கும் நாளில் எடுக்க மறந்துவிடாதீர்கள். கூகுளில் வரவே இல்லை என்ற புகாரைக் கேட்டதும் நாங்கள் முதலில் பார்ப்பது அந்த டிக்கைத்தான்.

தீமும் தமிழ் எழுத்தும்

உடன் வரும் ட்வென்ட்டி ட்வென்ட்டி-ஃபைவ் போதும். இலவசம், வேகமானது, தொடர்ந்து புதுப்பிக்கப்படுவது. காசு கொடுத்து வாங்கும் தீம்களைத் திருட்டுத்தனமாக இலவசத் தளங்களில் இறக்கிப் போடாதீர்கள், அவற்றில் தீங்கு நிரல் ஒட்டிக்கொண்டு வருவது வாடிக்கை.

தீமின் சொந்த எழுத்துருவான மேன்ரோப்பில் தமிழே இல்லை. அதனால் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம் என்று ஒவ்வொரு கருவியும் தன்னிடம் இருப்பதைப் போட்டுக்கொள்ளும். வரி உயரமும் தடிமனும் மாறிமாறி வரும். சரிசெய்வது எளிது: அப்பியரன்ஸ் > எடிட்டர் > ஸ்டைல்ஸ் > டைப்போகிராஃபி. அங்கே எழுத்துருக்களை நிர்வகிக்கும் பொத்தானைச் சொடுக்கி, கூகுள் ஃபான்ட்ஸுக்கு அனுமதி கொடுத்து, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் இவற்றில் ஒன்றை நிறுவுங்கள். கோப்பு உங்கள் சர்வருக்கே வந்துவிடும். 400, 700 என்ற இரண்டு தடிமன் மட்டும் எடுங்கள், ஒவ்வொன்றும் தனிக் கோப்பு என்பதால் ஏழெட்டு எடுத்தால் பக்கம் மெதுவாகும். 400 மட்டும் எடுத்தாலும் சிக்கல்தான்: தடித்த எழுத்து கேட்கும் இடங்களில் பிரவுசர் தானாக மை ஏற்றிக் காட்டும், "ணை", "ளை" போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

பிறகு அளவு. பத்திகளின் எழுத்து 18 பிக்சல், வரி உயரம் 1.7 அல்லது 1.8. ஆங்கிலத்துக்காக வைத்த 1.4-இல் மேல்வரியின் உகரக் குறி கீழ்வரியின் புள்ளியோடு மோதும். லெட்டர் ஸ்பேசிங் பூஜ்யமாக இருக்கட்டும், கூட்டினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தள்ளி நிற்கும். தமிழுக்குச் சாய்வெழுத்து வேண்டாம். அழுத்தம் தேவையென்றால் தடித்த எழுத்து போதும்.

அடிப்பகுதியில் தீம் தானாக வைத்திருக்கும் மாதிரி இணைப்புகளைப் பாருங்கள். அவை எங்கும் போகாது. எடிட்டரில் ஃபுட்டரைத் திறந்து நீக்கிவிட்டு உங்கள் போன் எண்ணை வையுங்கள்.

பக்கங்களைக் கட்டுவது

நம் நான்கும் "பேஜ்" வகை. "போஸ்ட்" என்பது நவராத்திரிக் கச்சேரி பற்றிய குறிப்பு போலத் தேதியோடு வருவது. பேஜஸ் > ஆட் நியூ போய், தயாராக எழுதி வைத்ததை ஒட்டுங்கள். வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் அதன் வண்ணமும் அளவும் கூடவே வரலாம், கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். புதிய வரியில் சாய்கோடு தட்டினால் பிளாக் பட்டியல் திறக்கும். படம், பொத்தான், அட்டவணை எல்லாம் அங்கிருந்துதான். ஹெட்டிங் பிளாக்கை எழுத்தைப் பெரிதாக்கப் பயன்படுத்தாதீர்கள், அது பக்கத்தின் அமைப்பைக் கூகுளுக்குச் சொல்லும் பகுதி.

முகப்பை எழுதி முடித்ததும் செட்டிங்ஸ் > ரீடிங்கில் "ஸ்டாட்டிக் பேஜ்" தேர்ந்து அதை முகப்பாக்குங்கள். மேலே "முகப்பு" என்று பெரிதாகத் தலைப்பு தெரிவது பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தின் டெம்ப்ளேட்டைத் தலைப்பில்லாததாக மாற்றி, "கும்பகோணத்தில் வீணை வகுப்பு" என்று நீங்களே முதல்நிலைத் தலைப்பு வையுங்கள். என்ன தொழில், எந்த ஊர், எப்படி அழைப்பது, இந்த மூன்றும் போன் திரையில் உருட்டாமலே தெரிய வேண்டும்.

நோட்டீஸைப் படமாகப் போட்டுப் பக்கத்தை முடித்துவிடும் பழக்கம் நம்மிடையே அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம், சிறிய திரையில் படிக்க முடியாது, ஸ்கிரீன் ரீடர் வாசிக்காது. கட்டணம் மாறினால் படத்தையே மறுபடி செய்ய வேண்டும்.

போன் கேமராப் படம் 4 எம்பி இருக்கும். ஸ்க்வூஷ் டாட் ஆப் தளத்தில் போட்டு அகலம் 1600 பிக்சல், வெப்பி வகை, தரம் 75 என்று மாற்றினால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். அளவு குறைப்பதில் இன்னொரு நன்மை, படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் போய்விடும். வீட்டில் வகுப்பு நடத்துபவருக்கு இது சின்ன விஷயமில்லை. முழு வீட்டு முகவரியையும் தளத்தில் போட வேண்டாம், தெருவரை போதும். மாணவர்கள் படத்தில் இருந்தால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தொடர்பு

உள்ளூர் ஆட்களுக்குப் படிவத்தைவிட வாட்ஸ்அப் பொத்தான் பயன்படும். பொத்தான் பிளாக்கின் இணைப்பில் டபிள்யூஏ டாட் எம்இ, சாய்கோடு, பிறகு 91 சேர்த்த பத்து இலக்க எண். கூட்டல் குறி, முன் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது, இருந்தால் இணைப்பு திறக்காது.

படிவமும் வேண்டுமென்றால் கான்டாக்ட் ஃபார்ம் 7 அல்லது டபிள்யூபிஃபார்ம்ஸ் லைட் ப்ளகின். நிறுவியதும் ஒரு சோதனை அஞ்சல் அனுப்புங்கள், பல நேரம் வராது. ஷேர்டு சர்வர் நேரடியாக அனுப்பும் அஞ்சலில் முறையான கையொப்பம் இல்லாததால் ஜிமெயில் அதை ஸ்பாமில் தள்ளும் அல்லது மறுத்துவிடும். எஸ்எம்டிபி ப்ளகின் ஒன்றைப் போட்டு உங்கள் ஜிமெயில் வழியாக அனுப்பச் சொல்லுங்கள்: போர்ட் 587, டிஎல்எஸ். வழக்கமான கடவுச்சொல் இங்கே செல்லாது. கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிய பிறகு கிடைக்கும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

பேக்கப், பாதுகாப்பு

அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பேக்கப் ப்ளகினை நிறுவி, வாரம் ஒருமுறை, நான்கு பிரதி வைத்துக்கொள், சேமிக்கும் இடம் கூகுள் டிரைவ் என்று அமையுங்கள். அதே சர்வரில் கிடக்கும் பேக்கப், சர்வரோடு சேர்ந்தே போகும். ப்ளகின்கள் ஐந்தாறுக்குள் நிற்கட்டும். பயன்படுத்தாததை முடக்கி வைக்காமல் அழித்துவிடுங்கள், உடைத்து உள்ளே வருபவர்கள் தேடுவது புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் இப்படிப்பட்ட ப்ளகினைத்தான்.

கூகுளில் வர

தடுக்கும் டிக்கை எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு கூகுள் சர்ச் கன்சோலில் (தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் சேவை) டொமைனைச் சேருங்கள். டொமைன் உங்களுடையது என்று நிரூபிக்க அது தரும் டிஎக்ஸ்டி பதிவை சிபேனலின் ஜோன் எடிட்டரில் ஒட்டி, சற்றுப் பொறுத்துச் சரிபார்ப்பைச் சொடுக்குங்கள். சைட்மேப் (பக்கங்களின் பட்டியல்) வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது. டொமைனுக்குப் பின் டபிள்யூபி-சைட்மேப் டாட் எக்ஸ்எம்எல் என்று கொடுத்தால் போதும், தனி ப்ளகின் தேவையில்லை. பிறகு முகப்பு முகவரியை மேலே உள்ள பெட்டியில் இட்டு இன்டெக்ஸ் செய்ய, அதாவது தேடல் பட்டியலில் சேர்க்கக் கோருங்கள். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். தினமும் கோரினால் வேகம் கூடாது.

ஊர் சார்ந்த தொழிலுக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைலும் தொடங்கித் தளத்தின் முகவரியை அதில் இணையுங்கள். "பக்கத்தில் வீணை கிளாஸ்" என்று தேடுபவருக்கு வரைபடப் பட்டியல்தான் பெரும்பாலும் முதலில் வருகிறது. வீட்டு முகவரியை மறைத்து, எந்தப் பகுதிக்குச் சேவை என்று மட்டும் காட்டும் வசதி அதில் உண்டு.

மாதம் ஒருமுறை: முதலில் பேக்கப், அடுத்து ப்ளகின், தீம், வேர்ட்பிரஸ் புதுப்பிப்பு, பிறகு போனில் நான்கு பக்கத்தையும் திறந்து படிவத்தில் ஒரு சோதனைச் செய்தி. புதுப்பித்ததும் தளம் வெள்ளையாகத் திறந்தால் பதறாமல் மின்னஞ்சலைப் பாருங்கள். எந்த ப்ளகின் தகராறு செய்கிறது என்று வேர்ட்பிரஸே எழுதி, ரிகவரி மோடுக்கான இணைப்பை அனுப்பியிருக்கும். அதன் வழியே உள்ளே போய் அந்த ப்ளகினை முடக்கினால் தளம் திரும்ப வந்துவிடும். அந்த அஞ்சல் போகும் இடம் செட்டிங்ஸ் > ஜெனரலில் உள்ள நிர்வாக மின்னஞ்சல். நீங்கள் தினமும் திறக்கும் முகவரியாக அது இருக்கட்டும்.